சேத மதிப்பீடு

நான்கு மூலையிலிருந்தும் நான்கு,
நம்பர் பிளேட் தெரிய ஒன்று,
பிறகு கிட்டே போய் நசுங்கின இடம்.
பத்தொன்பது வருடமாக
மோதிய கார்களை இப்படித்தான் படமெடுக்கிறேன்
காப்பீட்டுக் கம்பெனிக்கு.
அதே கை, அதே வரிசை
லீவு போட்டு வந்த இடத்திலும்.
ரனோமஃபானா மலைக்காடு, மடகாஸ்கர்.
எதிரே ஒரு கூன்வண்டு.

அரிசி டப்பாவில் ஊருமே, அது இல்லை.
இது கழுத்தே உடம்பாய்ப் பிறந்தது.
கறுப்புக் கொக்கியின் கடைசியில்
குங்குமச் செப்பு மாதிரி முதுகு.
சுட்டுவிரலின் ஒரு கணு நீளத்தில்
ஓர் ஒட்டகச்சிவிங்கி.
இதற்காக மூன்று விமானம் மாறினேன்.
இதற்காக அட்டைகளுக்கு
இரண்டு கணுக்காலையும் எழுதிக் கொடுத்தேன்.

காட்டித் தந்தவள் வுலுலுனா.
சிவப்பு மழைக்கோட்டு, அளவு பெரிய ரப்பர் பூட்ஸ்,
கண்ணாடி விரிசல்விட்ட போன்.
என் பிரெஞ்சு எண்களோடு முடிந்துவிடும்,
அவளுடைய ஆங்கிலம் பூச்சிகளோடு.
ஆனால் பூச்சியை அவள் தேடவே இல்லை.
இலை இலையாகப் புரட்டிக்கொண்டு போனாள்,
ஜவுளிக்கடையில் கட்பீஸ் பார்ப்பவள்போல.
ஓர் இலையில் நேர்கோடாய் ஒரு வெட்டு.
"இருக்கிறாள்" என்றாள்.

இருந்தாள். கழுத்துக் குட்டையானவள்.
இலையை நடுவே மடித்து,
ஆறு காலாலும் அழுத்தி,
ஓரத்தைக் கடித்துக் கடித்துப் பதிய வைத்து,
நுனியிலிருந்து சுருட்டிக்கொண்டிருந்தாள்,
கல்யாண மண்டபம் காலியான பிறகு
ஜமுக்காளம் சுருட்டுகிற ஆள்போல.
உள்ளே ஒரே ஒரு முட்டை இருக்குமாம்.
பக்கத்து இலையில்
நெடுங்கழுத்துக்காரன் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.
காவலாம்.

நான் அவனைத்தான் எடுத்தேன்.
எல்லோரும் அவனைத்தான் எடுக்கிறார்கள்.
நான்கு மூலை. முதுகு. கிட்டே போய்க் கழுத்து.
மூச்சுப் பட்டு லென்ஸ் வெளுத்தது,
பனியன் நுனியால் துடைத்தேன்,
வெயில் ஒரு நிமிடம் வந்தது,
கழுத்தின் நிழல் இலைமேல் விழுந்தது,
ஆகா, இன்னும் அரையடி பின்னால் போனால்
நிழலும் சேர்ந்து வரும்

போனேன்.

வந்தது. மயிரிழை பிசகாத படம்,
இன்றைக்கும் சொல்வேன்.

வுலுலுனா குனிந்து
என் வலது பூட்ஸைத் தட்டினாள்.
தூக்கினேன்.
சேற்றில் ஒரு பச்சைச் சுருள்,
பாதி பீடி நீளம்,
ஒரு பக்கம் தட்டையாய்.
எப்போது நறுக்கிக் கீழே போட்டதோ.
மேலே காம்பில் மிச்ச இலை ஆடிக்கொண்டிருந்தது.
வண்டு அடுத்த இலைக்கு நடந்துவிட்டது,
திரும்பிப் பார்க்கிற கழுத்து இல்லாமல்.

கார் என்றால் எழுதியிருப்பேன்:
இடப்பக்கம் லேசான நசுங்கல்.
உள்பாகங்கள், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வுலுலுனா அதை இரண்டு விரலால் எடுத்தாள்.
காதருகே கொண்டுபோவாள் என்று ஏனோ நினைத்தேன்.
சேற்றை ஊதினாள்,
பெரணிச் செடியடியில் ஈரச் சருகுக்குள் செருகினாள்.
"பிழைக்குமா?"
உதட்டைப் பிதுக்கினாள்.
"தெரியாது. நாளைக்கு எனக்கு லீவு."

அப்புறம் பிளாஸ்க்கைத் திறந்தாள்.
சோறு அடிப்பிடித்த பானையில்
தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தது.
கருகல் வாசனையோடு
ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.
அதற்கு ஒரு பெயர் சொன்னாள்,
எழுதிக்கொள்ளவில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
விடுதியில் மின்சாரம் இருந்த இரண்டு மணி நேரமும்
தள்ளித் தள்ளிப் பார்த்தேன்:
கழுத்து, கழுத்து, கழுத்தின் நிழல்.
சுருளை எடுக்கவே இல்லை,
நசுங்கியதை எடுப்பதே பிழைப்பான நான்.

ஒரு படத்தில் மட்டும், கீழ் ஓரத்தில்,
மங்கலாக,
பச்சையாய் ஏதோ விழுந்துகொண்டிருக்கிறது.
அல்லது இலைநிறம் வாங்கிய மழைத்துளி.
பெரிதாக்கினால்
சதுரம் சதுரமாய் உடைகிறது.
பெரிதாக்கிக்கொண்டே இருக்கிறேன்.